டன்லப்: சக்கரத்துக்குள் காற்றை அடைத்த மிருக வைத்தியர்

காற்றுக் குறைந்த துவிச்சக்கரவண்டியின் பின்னால் ஒரு மூடை அரிசியைக் கட்டிக்கொண்டு மிதித்துப் பார்த்தவர்களுக்குச் சக்கரத்துக்கும் காற்றுக்கும் உள்ள உறவைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1990களில், பெற்றோலைக் காண்பதே அரிதாகவிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், நோயாளியையும் விறகையும் பாடசாலைப் பிள்ளையையும் சுமந்தது துவிச்சக்கரவண்டியே. காலையில் வண்டியை வெளியே எடுக்குமுன் பெருவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பது அன்று பல் துலக்குவதைப் போன்ற வழக்கம். அவ்வாறு மிதித்துத் திரிந்தவர்களில் பலர் இன்று ஹைபிரிட் கார்களில் செல்கின்றனர். ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதைக் காரே கணக்கிட்டுத் திரையிற் காட்டிவிடுகின்றது. ஆனால், டயரை அழுத்திப் பார்க்கும் அந்தப் பழைய வழக்கம் எங்கோ விடுபட்டுப் போய்விட்டது. காலுக்குத் தெரிந்த நோவைக் கார் நம்மிடம் முறையிடுவதில்லை.

சக்கரத்துக்குள் காற்றை அடைத்து அதனை உலகம் ஏற்கும்படி செய்தவரின் பெயர் நம் அனைவருக்கும் பழக்கமானது. எனினும் அது ஒரு டயரின் பெயர் என்றே பலரும் எண்ணியிருக்கின்றனர். ஜோன் பொய்ட் டன்லப் என்ற அந்த மனிதர் பொறியியலாளர் அல்லர்; இறப்பர் வணிகரும் அல்லர். அவர் ஒரு மிருக வைத்தியர்.

ஸ்கொட்லாந்தின் அயர்ஷயர் பகுதியிலுள்ள ட்றெகோர்ன் என்ற கிராமத்தில் 1840 பெப்ரவரி 5ஆம் திகதி, ஒரு விவசாயக் குடும்பத்தில் டன்லப் பிறந்தார். உரிய காலத்துக்கு இரண்டு மாதங்கள் முன்னதாகவே பிறந்த பிள்ளை என்று வீட்டார் சொல்லி வளர்த்ததால், தமது உடல் பலவீனமானது என்ற எண்ணம் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டகலவில்லை. கடும் உழைப்பைத் தவிர்த்துக்கொண்டார். எடின்பரோவில் மிருக வைத்தியம் பயின்று, 1867இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். சகோதரருடன் சேர்ந்து டவுன்பற்றிக் என்ற ஊரில் தொழில் நடத்திய பின்னர் பெல்பாஸ்ட் நகரிலே நிலைகொண்டார். 1880களின் நடுப்பகுதியில் அவருடைய வைத்தியசாலை அந்நாட்டிலேயே பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. குதிரைகள் இழுக்கும் வண்டிகளே நகரின் போக்குவரத்தாக இருந்த அக்காலத்தில், குதிரை வைத்தியருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

கருங்கல் பாவிய வீதிகளில் இரும்புப் பட்டியிட்ட சக்கரங்கள் எழுப்பும் ஓசையும், அந்த அதிர்வை இழுத்துச் செல்லும் விலங்கு படும் பாடும் அவருடைய அன்றாடக் காட்சிகள். ஆயினும் அவரைச் செயலில் இறக்கியது ஒரு குதிரையன்று. பத்து வயதை அண்மித்திருந்த அவருடைய மகனே. மகனின் முச்சில்லு மிதிவண்டிக்குத் திண்ம இறப்பர் டயர்கள். கற்பாதையில் அது குலுங்கியது. விரைவாக ஓட மறுத்தது. 1887ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டன்லப் ஒரு மரவட்டை எடுத்தார். மெல்லிய இறப்பர்த் தகட்டினால் குழாய் ஒன்றைச் செய்து, லினன் துணியைச் சுற்றி மரவட்டின் விளிம்பில் ஆணியடித்துப் பொருத்தினார். உதைபந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் அதற்குள் காற்றை நிரப்பினார்.

அதன் பின்னர் அவர் செய்த சோதனையே என்னை எப்போதும் வியக்க வைப்பது. மகனின் வண்டியிலிருந்து கழற்றிய சக்கரத்தையும் தமது மரவட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வீட்டு முற்றத்தில் உருட்டிவிட்டார். திண்ம டயர் பூட்டிய சக்கரம் முற்றத்தின் எல்லையை எட்டுமுன்பே தள்ளாடி வீழ்ந்தது. காற்றடைத்த வட்டோ முற்றம் முழுவதையும் கடந்து எதிர்ப்புறத்திலே மோதித் திரும்பியது. கருவியுமில்லை, கணிதமுமில்லை. ஒரே அளவு கைவிசைக்கு எது அதிக தூரம் ஓடுகின்றது என்ற ஒரேயொரு வினா. இன்று கார் உற்பத்தியாளர்கள், ஓடும் வாகனத்தை நியூட்ரலில் விட்டு அது எவ்வளவு விரைவில் வேகம் இழக்கின்றது என்று அளக்கின்றார்களே, அதுவும் அடிப்படையில் இந்த முற்றத்துச் சோதனைதான்.

இதன் காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. வன்மையான சக்கரம் ஒரு சிறு கல்லின்மேல் ஏறும்போது வண்டி முழுவதையும் தூக்குகின்றது. அதற்குச் செலவான சக்தி திரும்பி வருவதில்லை. காற்றடைத்த டயரோ கல்லைத் தன்னுள் அமிழ்த்திக்கொண்டு கடந்து செல்கின்றது. ஆனால் அதற்கும் ஒரு விலையுண்டு. தரையைத் தொடும் இடத்தில் டயர் ஒவ்வொரு சுற்றிலும் தட்டையாகி மீண்டும் உருண்டையாகின்றது. அவ்வாறு நெளியும்போது இறப்பர் சூடேறுகின்றது. அந்தச் சூடு, எரிபொருளோ காலோ கொடுத்த சக்தியின் ஒரு பகுதி. காற்றழுத்தம் குறையக் குறைய நெளிவு கூடும். நெளிவு கூடக்கூட இழப்பும் கூடும்.

1888 பெப்ரவரியில் மகன் புதிய டயர்களுடன் வண்டியோட்டிப் பார்த்தான். அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் திகதி டன்லப்புக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1889 மே மாதம் 18ஆம் திகதி பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டியில், வில்லியம் ஹியூம் என்ற சைக்கிளோட்டி இந்தப் பருத்த டயர்களுடன் களத்தில் இறங்கியபோது பார்வையாளர்கள் சிரித்தார்களாம். போட்டிகள் முடிந்தபோது சிரிப்பு அடங்கியிருந்தது. அவர் மற்றவர்களைப் பின்தள்ளி வென்றிருந்தார். தோற்றவர்களில் டப்ளின் வணிகர் ஹார்வி டு குறோவின் மைந்தர்களும் இருந்தனர். தந்தைக்கு அந்தத் தோல்வியின் பொருள் உடனே விளங்கிவிட்டது. அவ்வாண்டிலேயே டன்லப்பையும் சேர்த்துக்கொண்டு டப்ளினில் ஒரு கம்பனியை அவர் தோற்றுவித்தார்.

இந்த இடத்தில்தான் டன்லப்பின் வாழ்க்கையில் இடி விழுந்தது. காற்றடைத்த டயருக்கு அவருக்கு 43 ஆண்டுகள் முன்னரே வேறொருவர் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது 1890இல் தெரியவந்தது. அவரும் ஸ்கொட்லாந்துக்காரரே, ஸ்டோன்ஹேவன் நகரில் 1822இல் பிறந்த றொபர்ட் வில்லியம் தொம்சன். 23 வயதில், 1845 டிசம்பரில், அவர் அதனைப் பதிவு செய்திருந்தார். குதிரை வண்டியிற் பூட்டி, இழுப்பதற்குத் தேவையான விசையையும் அளந்திருந்தார். சீரான வீதியில் அவ்விசை மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்ததென்றும், புதிதாக உடைத்த கற்கள் பரவிய வீதியில் முன்னிருந்ததில் மூன்றிலொரு பங்களவே தேவைப்பட்டதென்றும் அவருடைய சோதனைகள் காட்டின. டன்லப் உருட்டிப் பார்த்து உணர்ந்ததைத் தொம்சன் இறாத்தற் கணக்கில் எழுதி வைத்திருந்தார் எனலாம். ஆனால் 1840களில் துவிச்சக்கரவண்டி பரவியிருக்கவில்லை. மெல்லிய இறப்பர்க் குழாய் எளிதிற் கிடைக்கவுமில்லை. வாங்குவாரின்றி அந்தக் கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. தொம்சன் பின்னர் வீதியில் ஓடும் நீராவி இயந்திரங்களுக்குத் திண்ம இறப்பர் டயர் பூட்டிப் புகழ்பெற்று, 1873இல் மறைந்தார்.

டன்லப் தொம்சனைப் பற்றி அறியாமலே தமது டயரைச் செய்தார் என்பதை ஐயுற நியாயமில்லை. இருந்தும் முதலில் கண்டவர் தொம்சனே. இவ்விருவரில் எவருடைய பெயர் நிலைக்க வேண்டுமென்று என்னைக் கேட்டால், இரண்டும் நிலைக்க வேண்டுமென்பேன். காலம் அவ்வாறு செய்யவில்லை.

காப்புரிமை வலுவிழந்த போதிலும் கம்பனி வீழவில்லை. டயரைச் சில்லிலிருந்து கழற்றவும் பூட்டவும் உதவும் விளிம்பு போன்ற துணைக் கண்டுபிடிப்புகளின் உரிமைகளை டு குறோ விலைக்கு வாங்கினார். சைக்கிள் மோகம் ஐரோப்பாவைப் பற்றிக்கொண்டது. 1896இல் ஏர்னெஸ்ட் ஹூலி என்ற நிதி வணிகர் அந்தக் கம்பனியை 30 இலட்சம் பவுணுக்கு வாங்கி, 50 இலட்சம் பவுண் பெறுமதியில் பங்குச் சந்தைக்கு விட்டார். டன்லப் அதற்கு முன்னரே பணிப்பாளர் பதவியைத் துறந்து வெளியேறியிருந்தார். கம்பனியைக் கட்டியெழுப்பியவர்களுடன் அவருக்கு ஒத்துப்போகவில்லை. தம் பெயரால் குவிந்த செல்வத்தில் அவருக்குக் கிடைத்தது சிறு பங்கே.

அந்தச் செல்வத்துடன் நமது நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. அமேசன் காட்டிலிருந்து ஹென்றி விக்கம் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த இறப்பர் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளுள் ஏறத்தாழ 1,900, 1876ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. அப்போது அவற்றை என்ன செய்வதென்று தோட்டத் துரைமாருக்குத் தெரியவில்லை. சைக்கிளும் மோட்டார் காரும் டயர் கேட்கத் தொடங்கிய பின்னரே களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் இறப்பர்த் தோட்டங்கள் விரிந்தன; அங்கே பால் வெட்டத் தமிழ்த் தொழிலாளர்கள் குடியேற்றப்பட்டனர். பெல்பாஸ்ட் முற்றத்தில் உருண்ட அந்த மரவட்டுக்கும் இந்த லயன்களுக்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைப்பதிலும் குறைவு. டன்லப் புறந்தள்ளிய திண்ம டயர், பாரந்தூக்கி வாகனங்களுக்காக இன்று இலங்கையிலே பெருமளவில் உற்பத்தியாகி ஏற்றுமதியாகின்றது என்பதும் ஒரு வேடிக்கை.

மோட்டார் காரில் காற்று டயரைப் பூட்டி 1895இல் பரிஸ் - போர்டோ - பரிஸ் பந்தயத்தில் ஓட்டிக் காட்டியவர்கள் பிரான்ஸின் மிஷெலின் சகோதரர்கள். அடிக்கடி காற்றுப் போனது, அவர்கள் வெல்லவுமில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்குள் கார்கள் யாவும் அந்த வழிக்கே வந்துவிட்டன. இயந்திரம் எத்தனையோ மாற்றங்களைக் கண்டது. 1997இல் ஜப்பானில் டொயோட்டா பிறியஸ் சந்தைக்கு வந்ததுடன் மின்மோட்டாரும் பெற்றோல் இயந்திரமும் ஒன்றுசேர்ந்த கார் சாதாரண மக்களை எட்டியது. தரையைத் தொடுவது மட்டும் அன்று போலவே இன்றும் இறப்பருக்குள் அடைபட்ட காற்றுத்தான்.

ஹைபிரிட் காரில் இதற்கு முக்கியத்துவம் கூடுகின்றதேயன்றிக் குறையவில்லை. சாதாரண காரில் பிரேக் அழுத்தும்போது வீணாகும் சக்தியின் ஒரு பகுதியை ஹைபிரிட் கார் மின்கலத்திற் சேமித்து மீண்டும் பயன்படுத்துகின்றது. நெரிசலில் நிற்கும்போது இயந்திரத்தை நிறுத்தியும் விடுகின்றது. ஆனால் டயர் நெளிந்து சூடாகி இழக்கும் சக்தியை எந்த மின்கலமும் திருப்பிப் பெற முடியாது. மற்றைய ஓட்டைகளை அடைத்துவிட்ட பாத்திரத்தில் எஞ்சிய ஓட்டை பெரிதாகத் தெரிவதைப் போன்றது இது. அதனாற்றான் இத்தகைய கார்களை எளிதில் உருளும் விசேட டயர்களுடன் விற்கின்றார்கள். அவை தேய்ந்ததும் கிடைத்ததைப் பூட்டிவிட்டு, கார் பழையபடி ஓடுவதில்லையே என்று மின்கலத்தின் மீது பழி போடுவோரை நாம் கண்டிருக்கின்றோம். டயரின் உருளல் தடை பத்து வீதம் மாறினால் எரிபொருட் சிக்கனம் ஒன்று முதல் இரண்டு வீதம் வரை மாறும் என்பது அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் கண்ட முடிவு.

காற்றழுத்தத்தின் கணக்கு இன்னும் சிறியது. அதை மிகைப்படுத்தக் கூடாது. நான்கு டயர்களிலும் சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் குறைந்தால் சிக்கனம் ஏறத்தாழ 0.2 வீதம் குறையும் என்கின்றது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் வழிகாட்டல். எட்டு இறாத்தல் குறைந்த காரில் அது 1.6 வீதம். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் காரை மாதம் 1,000 கிலோமீற்றர் ஓட்டுபவருக்கு ஆண்டொன்றில் இழப்பு ஏறத்தாழ 10 லீற்றர். 2022இல் கியூஆர் அட்டையைக் காட்டி அளந்து வாங்கிய பெற்றோலை நினைவில் வைத்திருப்போர், 10 லீற்றரை அற்பமென்று சொல்லார். ஆனாலும் அளவை மீறி அடிப்பதும் பிழை. தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, ஈரவீதியில் பிடிமானம் குறையும். டயர் நடுவே தேயும். சரியான அளவு சாரதியின் கதவோரத்து ஒட்டுச்சீட்டில் இருக்கின்றது. டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண் உச்ச வரம்பேயன்றி அடிக்க வேண்டிய அளவன்று. டயர் குளிர்ந்திருக்கையிலேயே அளக்க வேண்டும். எரிபொருள் நிலையமொன்றில் ஒரு முறை நான் எண்ணைச் சொல்லுமுன்பே, எல்லா வாகனத்துக்கும் ஒரே அளவுதான் என்று ஓர் இளைஞர் அடித்து முடித்துவிட்டார். வீட்டில் மானியை வைத்துப் பார்த்தபோது முன் டயர் இரண்டும் இரு வேறு அளவில் இருந்தன.

டன்லப் கம்பனியை விட்டுவிலகிய பின்னர் கால் நூற்றாண்டு காலம் டப்ளினில் அமைதியாக வாழ்ந்தார். துணி வியாபார நிறுவனமொன்றில் பங்கு வைத்திருந்தார். வீதியெங்கும் மோட்டார் கார்கள் பெருகியதை அவர் தம் கண்ணாற் கண்டார். கம்பனியின் விளம்பரங்களில் உயர்ந்த தொப்பியும் கைத்தடியுமாக ஓர் ஆடம்பரக் கனவானாக அவருடைய உருவத்தை வரைந்தது அவருக்குப் பெரும் மனக்குறையாக இருந்தது. எளிமையாக உடுத்து வாழ்ந்த வைத்தியர் அவர். 1921 ஒக்டோபர் 23ஆம் திகதி, 81ஆவது வயதில், டப்ளினில் காலமாகி டீன்ஸ்கிரேஞ் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். காற்று டயர் தோன்றிய வரலாற்றைத் தமது தரப்பிலிருந்து அவர் எழுதி வைத்திருந்தார். அந்நூலை அவருடைய மகள் வெளிக்கொணர்ந்தபோது அவர் உயிருடன் இல்லை. பின்னாளில் வட அயர்லாந்தின் வங்கியொன்று தனது 10 பவுண் தாளில் அவருடைய முகத்தை அச்சிட்டது. தாடி வளர்த்த அந்த முகத்தில் தொப்பி இல்லை.