கடிக்கும் குணம் பிறவியிலா, வளர்ப்பிலா? நரிகளை வைத்து விடை தேடிய பெல்யாயெவ்

டெல்லி தெருநாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ம் தேதி தனது முந்தைய உத்தரவைத் திருத்தியது நினைவிருக்கும். பிடிபடும் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்றது அந்த உத்தரவு. ரேபிஸ் பாதித்தவை, பாதித்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுபவை, ஆக்ரோஷமாக நடந்துகொள்பவை, இவற்றை மட்டும் விடக்கூடாது என்றது. ரேபிஸ் ஒரு நோய். அதற்கு அறிகுறிகள் உண்டு, ஆய்வகம் உண்டு. ஆக்ரோஷத்தை எதை வைத்து அளப்பது?

அதற்கு முந்தைய ஆண்டு மத்திய அரசு வேறொரு அளவுகோலை எடுத்தது. 2024 மார்ச் 12-ம் தேதி கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதத்தில், பிட்புல், ராட்வைலர் உட்பட 23 இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் விற்கவோ வளர்க்கவோ அனுமதிக்கக் கூடாது என்று கூறியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஒன்று நாயின் நடத்தையைப் பார்க்கிறது, இன்னொன்று அதன் ரத்தத்தைப் பார்க்கிறது. எது சரி என்ற சண்டை சமூக ஊடகத்தில் தினமும் நடக்கிறது. இதே கேள்வியோடு சைபீரியாவில் 26 ஆண்டுகள் ஓர் ஆய்வு நிறுவனத்தை நடத்திய ஒருவர் இருந்தார். அவர் பெயர் திமித்ரி பெல்யாயெவ். குணம் பரம்பரையாக வருகிறது என்று சொல்வதே ஆபத்தாக இருந்த நாட்டில் அவர் அந்த வேலையைச் செய்தார்.

அண்ணனைக் கொன்ற கேள்வி

1917 ஜூலையில், ரஷ்யப் புரட்சி நடந்த ஆண்டில், கோஸ்ட்ரோமா பகுதியின் புரோட்டசோவோ கிராமத்தில் பெல்யாயெவ் பிறந்தார். அப்பா அந்தக் கிராமத்துப் பாதிரியார். நான்கு பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. பாதிரியார் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு வாய்ப்புகள் சுருங்கிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் சிறுவனாக இருக்கும்போதே மாஸ்கோவில் இருந்த அண்ணன் நிக்கலாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் 18 வயது வித்தியாசம். அண்ணன் கிட்டத்தட்ட இன்னொரு அப்பா.

நிக்கலாய் ஒரு மரபியலாளர். பட்டுப்புழுக்களின் மரபியலில் பெயர் வாங்கியவர். வீட்டுக்கு வரும் நண்பர்களும் அதே துறைக்காரர்கள். தம்பிக்கு இந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று தனியாகத் தேட வேண்டியதில்லை.

1930-களில் சோவியத் அறிவியலில் திரோஃபிம் லிசென்கோ என்ற வேளாண் நிபுணர் வேகமாக மேலே வந்தார். பயிர்களின் சூழலை மாற்றினால் போதும், அந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்கும் போய்விடும் என்பது அவர் வாதம். மரபணு என்ற கருத்தே முதலாளித்துவக் கற்பனை என்றார். ஸ்டாலினுக்கு இது பிடித்துப்போனது. எதிர்த்த மரபியலாளர்கள் வேலை இழந்தார்கள், சிறைக்குப் போனார்கள். நிக்கலாய் பெல்யாயெவ் 1937-ல் கைது செய்யப்பட்டு, அதே ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது தம்பிக்கு வயது 20, வேளாண் கல்லூரி மாணவர். உலகப் புகழ்பெற்ற தாவரவியலாளர் நிக்கலாய் வவிலோவ் 1943-ல் சிறையிலேயே இறந்தார்.

இவ்வளவுக்குப் பிறகு வேறொருவர் என்றால் துறையை மாற்றியிருப்பார். பெல்யாயெவ் மாற்றவில்லை. 1938-ல் பட்டம் பெற்று, மாஸ்கோவில் ரோம விலங்குகளுக்கான ஆய்வகத்தில் சேர்ந்தார். சில்வர் ஃபாக்ஸ் எனப்படும் நரிகள்தான் அவருடைய பாடம். நம்ம ஊரில் நரி என்றால் குள்ளநரி நினைவுக்கு வரும்; இது வேறு, செந்நரியின் கருநிற வகை. அதன் ரோமம் ஏற்றுமதியாகி சோவியத் அரசுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்தது. நடுவில் இரண்டாம் உலகப் போர் வந்தது. போர்முனைக்குப் போய், மேஜர் பதவியோடு திரும்பி மறுபடி நரிகளிடம் வந்தார்.

1948 ஆகஸ்ட்டில் மரபியல் அதிகாரபூர்வமாகத் தடைசெய்யப்பட்டது. பெல்யாயெவின் தலைமைப் பதவி பறிபோனது. பிறவியா, வளர்ப்பா என்ற கேள்விக்கு அரசாங்கமே விடை எழுதிக் கொடுத்துவிட்ட நாடு அது: எல்லாம் வளர்ப்புதான்.

கையுறையுடன் ஒரு தேர்வு

அவர் மனதில் இருந்த கேள்வி எளிமையானது. நாய் எப்படி நாயானது? ஓநாயிலிருந்து வந்த இந்த விலங்குக்கு மடிந்த காது, சுருண்ட வால், வெள்ளைத் திட்டுகள் எல்லாம் எங்கிருந்து வந்தன? ஆதி மனிதன் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான். ஒரே ஒரு குணத்தைத்தான், அதாவது மனிதனைக் கண்டு பயப்படாத, கடிக்காத குணத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பான்; மற்றவை கூடவே வந்திருக்கும் என்று பெல்யாயெவ் யூகித்தார்.

1950-களின் இறுதியில் நோவோசிபிர்ஸ்க் அருகே புதிய அறிவியல் நகரம் எழுந்தபோது அங்கே போனார். செல்லியல் மற்றும் மரபியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் குருஷேவின் கோபத்தால் நீக்கப்பட, 1959-ல் அந்த நாற்காலி பெல்யாயெவுக்கு வந்தது. லிசென்கோ அப்போதும் செல்வாக்கோடுதான் இருந்தார். அதனால் நரி ஆய்வு வெளியே விலங்கு உடலியல் ஆய்வாகவே சொல்லப்பட்டது. நரி ஆண்டுக்கு ஒருமுறைதான் குட்டி போடும், அதை இரண்டாக்க முடிந்தால் ரோமத் தொழிலுக்கு லாபம் என்ற விளக்கமும் தயாராக இருந்தது.

அன்றாட வேலையைச் செய்தவர் லியுட்மிலா ட்ரூட். கைக்குழந்தையோடு மாஸ்கோவிலிருந்து சைபீரியாவுக்குக் குடிபெயர்ந்த இளம் ஆய்வாளர். 30 ஆண் நரிகள், 100 பெண் நரிகளுடன் ஆய்வு தொடங்கியது. பெரும்பாலானவை எஸ்தோனியப் பண்ணை ஒன்றிலிருந்து வந்தவை.

இந்த ஆய்வின் முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். டேட்டாவோடு வேலை செய்கிற எனக்கு மொத்தக் கதையில் மிகவும் பிடித்தது இதுதான். குட்டிக்கு ஒரு மாதம் ஆனதும் ஆய்வாளர் கையில் உணவோடு போய், அதைத் தொட்டுத் தடவ முயல்வார். கடிக்கிறதா, ஓடுகிறதா, சும்மா இருக்கிறதா, வாலாட்டுகிறதா என்று குறித்துக்கொள்வார். இதை மாதம் ஒருமுறை, ஆறேழு மாதம் வரை தொடர்வார்கள். கடைசியில் ஆண்களில் சுமார் 5 சதவீதமும் பெண்களில் சுமார் 20 சதவீதமும் மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராகும்.

முக்கியமான விதி இதுதான்: எந்த நரிக்கும் பயிற்சி கிடையாது. மனிதர்களோடு பழகும் நேரமும் மிகக் குறைவு. அப்போதுதான் தெரிகிற மாற்றம் கற்றுக்கொண்டதா, பிறந்ததா என்று பிரிக்க முடியும். அண்ணனைப் பலிகொண்ட கேள்விக்குத் தம்பி போட்ட சோதனை என்று இதைப் படிக்கலாம்.

ஆறாவது தலைமுறையில், மனிதரைப் பார்த்ததும் முனகி, வாலாட்டி, கையை நக்கும் குட்டிகள் பிறந்தன. அவற்றுக்கென்று தனி வகுப்பே உருவாக்க வேண்டியிருந்தது. 10-வது தலைமுறையில் 18 சதவீதக் குட்டிகள், 20-வது தலைமுறையில் 35 சதவீதக் குட்டிகள் அந்த வகுப்பில் வந்தன. மடிந்த காது, வெள்ளைத் திட்டு, சுருண்ட வால் எல்லாமே யாரும் தேர்ந்தெடுக்காமல் தலைகாட்டின.

1970-ல் நேர் எதிரான வேலையையும் தொடங்கினார்கள். மிகவும் ஆக்ரோஷமான நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு தனி வரிசை. அந்தக் கூண்டுகளுக்குப் பக்கத்தில் போகவே பணியாளர்கள் அஞ்சினார்கள். பிறகு ட்ரூட் கருக்களை இடம் மாற்றிப் பார்த்தார்: ஆக்ரோஷமான தாயின் கரு சாதுவான தாயின் வயிற்றில், சாதுவானதன் கரு ஆக்ரோஷமானதன் வயிற்றில். குட்டிகள் சுமந்து வளர்த்த தாயைப் போல் இல்லை, கருவைத் தந்த தாயைப் போல்தான் நடந்துகொண்டன.

அப்போ எல்லாம் ரத்தம்தான், 23 இனங்களையும் தடைசெய்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

மாறியது எது?

நரிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது ஒரு விஷயம் புலப்பட்டது. 12 தலைமுறைகளில் மன அழுத்த ஹார்மோன்களின் அளவு, தேர்வு செய்யப்படாத நரிகளோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அதோடு காலக்கணக்கும் மாறியிருந்தது. சாதாரணப் பண்ணைக் குட்டிக்குப் புதியதைக் கண்டு அஞ்சும் குணம் ஆறாவது வாரத்தில் வருகிறது. சாதுவான வரிசையில் அது ஒன்பது வாரம் அல்லது அதற்கும் மேல் தள்ளிப்போனது.

இதன் பொருளைக் கவனியுங்கள். பயம் வரும்வரை குட்டி எதையும் மோந்து பார்க்கும், யாரிடமும் போகும், உலகத்தைக் கற்றுக்கொள்ளும். பயம் வந்ததும் அந்த ஜன்னல் மூடத் தொடங்கும். பெல்யாயெவின் நரிகளுக்குப் பரம்பரையாகக் கிடைத்ததில் பெரிய பங்கு, கற்றுக்கொள்ளக் கூடுதலாகக் கிடைத்த அந்த வாரங்கள்தான். பிறவி, வளர்ப்பு என்று எதிரெதிர் அணியில் நிறுத்திப் பேசுகிறோமே, இங்கே ஒன்று இன்னொன்றுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

இன்னொரு சம்பவம். 1974-ல் புஷின்கா என்ற சாதுவான பெண் நரியோடு ட்ரூட் பண்ணையில் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்து பார்த்தார். ஜூலை மாத இரவொன்றில் வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்க, காலடியில் படுத்திருந்த புஷின்கா திடீரென இருட்டுக்குள் பாய்ந்து குரைத்தது, காவல் நாயைப் போல. வந்தவர் இரவுக் காவலாளி. ட்ரூட் அவரிடம் சாதாரணமாகப் பேசுவதைக் கேட்டதும் அடங்கிவிட்டது. தலைமுறை தலைமுறையாகச் சாதுவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நரி, யார் தன்னுடையவர், யார் அந்நியர் என்று பழகிக் கற்றுக்கொண்டதும் காவலுக்கு எழுந்துவிட்டது.

லிசென்கோவின் செல்வாக்கு 1960-களின் நடுவில் சரிந்தது. மறைத்துச் செய்த ஆய்வு வெளிச்சத்துக்கு வந்தது. 1978-ல் சர்வதேச மரபியல் மாநாடு மாஸ்கோவில் கூடியபோது அதன் தலைமை உரையை நிகழ்த்தியவர் பெல்யாயெவ். அதற்கடுத்த மாநாடு 1983-ல் டெல்லியில் நடந்தது. 1985 நவம்பர் 14-ம் தேதி நுரையீரல் புற்றுநோயால் அவர் இறந்தார். ட்ரூட் 2024 அக்டோபரில் இறக்கும்வரை இந்த ஆய்வோடு இருந்தார்.

விமர்சனமும் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நரிகளின் மூதாதைகள் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பண்ணைகளில் பல காலம் வளர்க்கப்பட்டவை, வெள்ளைத் திட்டு போன்றவை அங்கேயே இருந்தன என்று 2019-ல் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். எனவே காட்டு நரியைப் பத்தே தலைமுறையில் நாயாக்கிவிட்டார் என்று சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். நடத்தை மாறியது என்ற மையமான முடிவு அப்படியேதான் நிற்கிறது. 2018-ல் வெளியான மரபணு ஆய்வு, சாதுவான, ஆக்ரோஷமான, தேர்வு செய்யப்படாத மூன்று வரிசைகளுக்கிடையே வேறுபடும் 103 பகுதிகளைக் காட்டியது. கடிக்கும் மரபணு என்று தனியாக ஒன்று கிடையாது.

உங்கள் வீட்டு நாய்க்கு வருவோம்

2022-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை விவரங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். நாய்க்கு நாய் தெரியும் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம் மட்டுமே. சட்டென்று சீண்டப்படும் தன்மையில் இனத்தின் பங்கு இன்னும் குறைவு. பெல்யாயெவும் இனத்தைப் பார்க்கவில்லை. ஒரே பண்ணையில், ஒரே நிறத்தில் இருந்த நரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். பெரிய தாடை உள்ள நாய் கடித்தால் காயம் பெரிது என்பது உண்மைதான், அதற்கு வாய்க்கவசமும் கயிறும் சட்டமாக்கலாம். எந்த நாய் கடிக்கும் என்பதை இனப் பட்டியல் சொல்லாது.

தெருநாய் விஷயத்திலும் இதேதான். கம்பியில் சுருக்கு மாட்டி வேனில் ஏற்றிய நாய் உறுமினால் அது ஆக்ரோஷமா, பயமா? ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு நரியைப் பற்றி முடிவெடுக்க நோவோசிபிர்ஸ்கில் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அவ்வளவு காலம் நம் மாநகராட்சிகளிடம் இல்லை. சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை, ஒரே மாதிரியான சோதனையாவது வேண்டும்.

நாய்க்குட்டிக்கு அந்த ஜன்னல் சுமார் 3-வது வாரத்தில் திறந்து 12 முதல் 14-வது வாரத்துக்குள் மூடத் தொடங்குகிறது. இந்தியாவில் 2017-ம் ஆண்டு விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. கணக்குப் போட்டால், குட்டி உங்கள் கைக்கு வரும்போது பாதி ஜன்னல் கடந்துவிட்டிருக்கும். அந்த வாரங்களில் அது கூண்டில் கிடந்ததா, வீட்டு மனிதர்களோடு இருந்ததா என்று வாங்கும்முன் கேளுங்கள். தடுப்பூசி முடியும்வரை தரையில் விட வேண்டாம்தான். தூக்கிக்கொண்டு போய் ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், குழந்தைகள், மிக்ஸி சத்தம் எல்லாவற்றையும் காட்டலாமே.

கற்றுக்கொள்ளும் ஆக்ரோஷத்துக்கு உங்கள் அபார்ட்மென்ட் வாசலே நல்ல உதாரணம். டெலிவரி ஊழியர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போகிறார். நாயின் கணக்கில் அது ஒரு வெற்றி: குரைத்தேன், போய்விட்டான். ஒரு நாளைக்கு நான்கு பார்சல் என்றால் நான்கு வெற்றி. ஒரு மாதத்தில் குரைப்பு பாய்ச்சலாக மாறலாம். மணி அடித்ததும் நாயை உள்ளறைக்கு அழைத்து, அங்கே தின்ன ஏதாவது கொடுத்துப் பழக்கினால் அந்தக் கணக்கு உடைகிறது. அடிப்பது உதவாது, அடித்தால் உறுமல் நிற்கும், பயம் நிற்காது. உறுமாமல் நேராகக் கடிக்கும் நாய் இன்னும் ஆபத்தானது. இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென மாறினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் போங்கள். காது வலி, மூட்டு வலி இருந்தால் எந்த நாயும் சீறும்.

பரம்பரையைப் பொறுத்தவரை வாங்குபவராக உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. குட்டியின் நிறத்தையும் சான்றிதழையும் பார்ப்பதற்கு முன், தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். முடிந்தால் தந்தையையும். முன்பின் தெரியாத உங்களைக் கண்டதும் தாய் என்ன செய்கிறது என்று பத்து நிமிடம் நின்று கவனியுங்கள். காட்ட முடியாது என்று சொல்லும் இடத்தில் வாங்காதீர்கள்.