புச்சிபாபு நாயுடு

நுழையும்முன்

அறுவடை முடிந்த வயல்கள் விளையாட்டுக் களங்களாக மாறுவது, அண்ணாமலையின் அடிவாரத்து அடி அண்ணாமலை முதல் குமரிமுனை வரை நாம் காணும் காட்சியாகும். இன்று மட்டையைக் கையிலெடுக்க எவருக்கும் தடையில்லை. ஆயின், சென்னையின் புகழ்மிக்க திடலில் இந்தியர்க்குச் சம இடம் மறுக்கப்பட்ட காலமும் இருந்தது. அந்நிலையை மாற்ற உழைத்த ஒருவரின் வாழ்க்கை இப்பாடம்.

இளமையும் மனக்குறையும்

மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு என்பது புச்சிபாபுவின் இயற்பெயர். 1868ஆம் ஆண்டு பிறந்த இவரை, ஆங்கில வணிக நிறுவனமொன்றில் துபாஷியாக விளங்கிய பாட்டனார் வளர்த்தார். மயிலாப்பூரின் லஸ் பகுதியிலிருந்த பெரிய மாளிகையில் செல்வச் செழிப்போடு வளர்ந்த அவர், மட்டைப்பந்தாட்டத்தில் ஈடுபாடு கொண்டார்.

அக்காலத்தில் சேப்பாக்கம் திடல், 1846இல் தொடங்கப்பெற்ற சென்னை கிரிக்கெட் கழகத்தின் வசம் இருந்தது. ஐரோப்பியரே அதன் உறுப்பினர். அங்கு ஆடச் சென்ற இந்தியர், கழக மாளிகைக்குள் அமர இயலாது மரநிழலில் தங்க நேர்ந்தது. களத்தில் எதிரெதிரே நின்று ஆடியவர்கள், ஆட்டம் நின்றதும் சமமற்றவராயினர். இவ்வேறுபாடு புச்சிபாபுவின் உள்ளத்தை வருத்தியது.

தனிக்கழகம் கண்டவர்

பிறர் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதைவிடத் தமக்கெனக் களம் அமைப்பதே தக்கது என அவர் எண்ணினார். 1888ஆம் ஆண்டு, தம் இருபதாம் அகவையில் சென்னை ஐக்கியக் கழகத்தைத் தோற்றுவித்தார். எஸ்பிளனேடு பகுதியில் ஒரு நிலம் ஆடுகளமாகச் செப்பனிடப்பட்டது. திறமை இருந்தும் பொருள்வசதி இல்லாத இளைஞர்க்கு மட்டைகளும் ஆட்ட உடைகளும் அவரே வழங்கினார். குடிப்பிறப்பும் செல்வமும் நோக்காது ஆட்டத்திறனை மட்டுமே நோக்கியமையால், வலிமை வாய்ந்த இந்திய அணி உருவாயிற்று.

காணாத வெற்றி

அவ்வணியை ஐரோப்பியர் அணியோடு நிகராக மோதச் செய்வதே அவர்தம் நெடுநாள் வேட்கை. சென்னை கிரிக்கெட் கழகத்தைச் சேர்ந்த பார்ட்ரிட்ஜ் என்பாரும் அதற்கு இசைந்தார். 1908ஆம் ஆண்டின் இறுதியில் முதற்போட்டிக்கு ஏற்பாடாயிற்று. இருபது ஆண்டு உழைப்பு கனியும் வேளையில், போட்டி தொடங்குமுன்னரே புச்சிபாபு காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பது. தாம் நட்ட மரத்தின் கனியை அவர் சுவைக்கவில்லை. ஆயினும் போட்டி நடைபெற்றது.

பொங்கல் திருநாளும் போட்டியும்

சில ஆண்டு இடைவெளிக்குப்பின், 1915ஆம் ஆண்டு முதல் மாகாணப் போட்டி ஆண்டுதோறும் தொடரலாயிற்று. பொங்கல் திருநாளையொட்டி நிகழ்ந்தமையால் மக்கள் அதனைப் பொங்கல் போட்டி என்றே வழங்கினர். ஐரோப்பியர் பக்கம் சி. பி. ஜான்ஸ்டன், இந்தியர் பக்கம் ஏ. ஜி. இராம்சிங் முதலியோர் சிறந்து விளங்கினர். ஆளுவோரும் ஆளப்படுவோரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு நின்ற அக்களத்தில், இந்தியர் பெற்ற ஒவ்வோர் ஓட்டமும் காண்போர்க்குத் தன்மதிப்பின் அடையாளமாயிற்று. நாடு விடுதலை பெற்றபின், 1952இல் இப்போட்டி நிறைவுற்றது. ஆயினும் பொங்கல் நாளில் திடலை நாடிச்செல்லும் சென்னை மக்களின் வழக்கம், பின்னர் நிகழ்ந்த பொங்கல் டெஸ்ட் ஆட்டங்களிலும் நிலைத்தது.

வாழும் நினைவு

புச்சிபாபுவின் மைந்தர் மூவர் மட்டைப்பந்தாட்டத்தில் பெயர் பெற்றனர். தந்தை மறைந்தபோது பன்னிரண்டு வயதுச் சிறுவராயிருந்த சி. இராமசாமி, டென்னிசில் டேவிஸ் கோப்பைப் போட்டியிலும், 1936இல் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக ஆடினார். தென்னிந்திய மட்டைப்பந்தாட்டத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் புச்சிபாபுவின் பெயரால் நடைபெறும் கோப்பைப் போட்டி, இளம் ஆட்டக்காரர் பலருக்கு வாயிலாக விளங்குகிறது. இழிவுக்கு எதிராகச் சினந்து அடங்காமல், ஆக்கத்தால் விடை கூறிய அவர்தம் வாழ்வு என்றும் நினைக்கத்தக்கது.