தரங்கம்பாடியில் சீகன்பால்கு

சோழமண்டலக் கடற்கரையில் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரிக்கும் டச்சுக்காரரின் நாகப்பட்டினத்திற்கும் இடையே டேனிஷ்காரர் வசம் இருந்த சிற்றூர் தரங்கம்பாடி. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் அவ்வூர் அவர்கள் கைக்கு வந்தது. கடலை நோக்கி டேன்ஸ்பர்க் கோட்டையை எழுப்பி வாணிகம் செய்த அவர்கள், நெடுங்காலம் உள்ளூர் மக்களிடையே சமயப்பணி செய்வதில் நாட்டம் காட்டவில்லை. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அப்பணிக்கு ஆள் தேடியபோது, ஜெர்மனி நாட்டு இளைஞர் இருவர் கிடைத்தனர். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் என்றிக் புளூட்சோ.

சீகன்பால்கு 1682இல் சாக்சனிப் பகுதியின் புல்ஸ்நிட்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். ஹாலே நகரில் இறையியல் பயின்றார். உடல்நலக் குறைவு அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கப்பல் வந்து நின்றபோது அவருக்கு வயது இருபத்து நான்குகூட நிரம்பவில்லை. மன்னர் அனுப்பியவர் என்பதற்காகக் கோட்டைத் தலைவர் அவரை வரவேற்கவில்லை. சமயப்பணி வாணிகத்தைக் கெடுக்கும் என்பதே வணிகக் குழுவினரின் அச்சம்.

அக்காலத்தில் கடற்கரை நகரங்களில் போர்த்துக்கீசிய மொழி பொதுமொழியாக வழங்கியது. புளூட்சோ அதனைக் கற்றார். சீகன்பால்கு தமிழைத் தேர்ந்தார். முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திற்கே அழைத்து, சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஐரோப்பிய மொழிகள் சில அறிந்த அழகப்பன் என்பவர் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக உதவினார். எழுத்து வசப்பட்டதும் ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுக்கலானார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை 1708இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். பிறர் மாற்ற வந்த மக்களின் நீதிநூல்களை இவர் முதலில் படிக்க அமர்ந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

சபையின் தொடக்கம் மிகச் சிறியது. 1707 மே 12இல் திருமுழுக்குப் பெற்ற முதல் ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அடுத்த மாதமே ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டு, ஆகஸ்டு 14இல் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. அங்குத் தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் வழிபாடு நடந்தது. ஆனால் சபையில் சேர்வது எளிதன்று. சேர்ந்தவர் உறவையும் தொழிலையும் இழக்க நேர்ந்தது. ஆசிரியரின் மகனும் கவிபாடும் ஆற்றல் உடையவருமான கணபதி கிறித்தவராக விரும்பியபோது, அவர் குடும்பத்தார் கடுமையாக எதிர்த்தனர். அவரோ 1709இல் திருமுழுக்குப் பெற்றார். அந்தத் தந்தையின் துயரம் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

எதிர்ப்பு ஊராரிடமிருந்து மட்டும் வரவில்லை. ஏழைக் கைம்பெண் ஒருவரின் பணவழக்கில் சீகன்பால்கு அவர் பக்கம் நின்றார். சினங்கொண்ட கோட்டைத் தலைவர் ஹாசியஸ், 1708 நவம்பரில் அவரைக் கைது செய்து டேன்ஸ்பர்க் கோட்டையில் நான்கு மாதங்கள் அடைத்து வைத்தார். சிறையிலிருந்து மீண்டவர், தாம் முன்பே தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711 மார்ச்சு மாதத்தில் முடித்தார்.

மொழிபெயர்ப்பு முடிந்தது, அச்சிடுவது எவ்வாறு? தமிழ் எழுத்துகள் 1578இலேயே கொல்லத்தில் அச்சேறியிருந்தும், அம்மரபு அப்போது அற்றுப்போயிருந்தது. இலண்டனிலிருந்து அனுப்பிய அச்சுப்பொறி ஏறிவந்த கப்பலைப் பிரேசில் அருகே பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். கப்பலின் அடித்தட்டில் இருந்த பொறி மட்டும் தப்பியது. உடன்வந்த அச்சாளரோ நன்னம்பிக்கை முனைக்கருகே இறந்துபோனார். பொறி 1712இல் வந்துசேர்ந்தபின், டேனிஷ் படைவீரர்களுள் அச்சுத்தொழில் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்தனர். ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தமையால் தாள் ஏராளமாகச் செலவாயிற்று. எனவே பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கிச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். பொறையாற்றில் காகித ஆலையும் அமைந்தது. 1714இல் நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் வெளிவந்தன. அடுத்த ஆண்டு புதிய ஏற்பாடு முழுமை பெற்றது.

இத்தனைக்கும் நடுவே தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெருநூலை 1713இல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். தமிழர் சமயத்தைத் தமிழர் வாயிலாகவும் நூல்கள் வாயிலாகவும் கேட்டறிந்து எழுதிய நூல் அது. அங்கிருந்த பெரியவர் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். பிறசமயத்தை ஒழிக்க அனுப்பியவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் எண்ணம். நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. ஆனால் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இலேயே ஹாலேயில் வெளிவந்தது. ஐரோப்பியர் பலர் இம்மொழியை மலபார் என்று அழைத்துவந்த நாளில், நூலின் பெயரிலேயே தமிழ் என்னும் பெயரை அவர் வைத்தார்.

ஐரோப்பா சென்று 1716இல் மனைவி மரியா டொரோத்தேயாவுடன் திரும்பியவர், பெருகிய சபைக்கு இடம் போதாமையால் அடுத்த ஆண்டு பெரிய ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1718 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. அதே வேளையில் கோபனேகனில் இருந்த பணிக்குழுவின் செயலர் வெண்ட், ஆலயமும் பள்ளியும் கட்டிச் செலவிடுவதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். சம்பளப் பணமும் தாமதமாயிற்று. எதிர்த்தவர்களின் வன்மையைத் தாங்கியவரால், அனுப்பியவர்களின் இச்சொல்லைத் தாங்க இயலவில்லை. வயிற்று நோயும் முற்றியது. 1719 பிப்ரவரி 23இல், முப்பத்தாறாம் வயதில் காலமானார். தாம் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத்து நூல்வரைதான் அவர் மொழிபெயர்ப்பு வந்திருந்தது; எஞ்சியதைப் பின்வந்த சூல்ச் முடித்தார்.

அவர் விட்டுச்சென்ற சபையில் ஏறத்தாழ இருநூற்றைம்பது பேர் இருந்தனர். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற கடலூர் ஆரோன், 1733இல் தரங்கம்பாடியில் போதகராக அருட்பொழிவு பெற்றார். லுத்தரன் சபையின் முதல் தமிழ்ப் போதகர் அவரே.