கல்கத்தாவில் இராமன்: உத்தியோகமும் உள்ளமும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து, காலையில் காரியாலயமும் மாலையில் காலனியுமாகக் காலம் கழிக்கும் நம் போன்றோர்க்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையைச் சங்க மலரில் எடுத்துரைக்க விரும்பினேன். சர் சி. வி. இராமனைப் பற்றி நம் குழந்தைகளும் அறிவர். 1930-ல் நோபெல் பரிசு பெற்றவர். பிப்ரவரி 28-ஆம் நாள் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுவது அவருடைய கண்டுபிடிப்பினால்தான். ஆனால் அந்தப் புகழுக்கு முன்னர், பத்தாண்டுக் காலம் அவர் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர் என்பதைப் பலரும் நினைப்பதில்லை. கணக்குப் புத்தகங்களோடு பல ஆண்டுகள் பழகிய இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கோ அந்தப் பத்தாண்டே பெரிதாகத் தோன்றுகிறது.

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் ஆசிரியர் பணி கிடைக்கவே, குடும்பம் அங்குக் குடியேறிற்று. ஆகவே அவரும் நம் பிள்ளைகளைப் போல வேற்று மொழி வழங்கும் ஊரில் வளர்ந்தவரே. பதினொன்றாம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். (நான் அதனைத் தேறியது எந்த வயதில் என்பதை இங்கு எழுதப் போவதில்லை.) சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ., எம்.ஏ. இரண்டிலும் முதன்மை பெற்றார். பதினெட்டு வயது நிரம்பிய 1906 நவம்பரில், ஒளியைப் பற்றிய அவரது முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ஒரு விஞ்ஞான இதழில் அச்சாயிற்று.

இத்தகைய மாணவர் மேற்படிப்புக்குச் சீமை செல்வதே அக்கால வழக்கம். ஆனால் உடல் மெலிந்திருந்த அவரைச் சோதித்த சென்னை மருத்துவர், அந்நாட்டுக் குளிரை இவ்வுடல் தாங்காது என்று தடுத்துவிட்டார். நம் நாட்டிலோ ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டு வாழ்வதற்கு அந்நாளில் இடமே இல்லை. தமையனார் சுப்பிரமணிய ஐயர் ஏற்கெனவே நிதி இலாகாவில் இருந்தார்; பின்னர் லாகூரில் இரயில்வேக் கணக்குத் தணிக்கையில் உயர் பதவி வகித்தவரும் அவரே. அவர் சென்ற வழியிலேயே இராமனும் 1907-ல் நிதித்துறைத் தேர்வெழுதி முதலாவதாகத் தேறினார். அவ்வாண்டு மே மாதத்தில் லோகசுந்தரி அம்மையாரை மணந்து, அவருடன் கல்கத்தா சென்று உதவி அக்கவுண்டண்டு ஜெனரல் பதவியை ஏற்றார். அப்போது வயது பதினெட்டே.

அத்துடன் அவர் கதை முடிந்திருக்கலாம். நல்ல சம்பளம், உயர்ந்த பதவி, ஊரில் மதிப்பு எல்லாம் கிடைத்துவிட்டன. எத்தனையோ அறிவாளிகள் இவ்விடத்தில் இளைப்பாற அமர்ந்து, பிறகு எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். ஒரு நாள் டிராம் வண்டியில் போய்க்கொண்டிருந்த இராமனின் கண்ணில் பௌபஜார் வீதி 210-ஆம் எண் கட்டடத்தின் பெயர்ப்பலகை பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்பது அதன் பொருள். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் வங்காளப் பெரியார், இந்தியரே முயன்று விஞ்ஞானம் வளர்க்க வேண்டும் என்னும் பேராவலால் 1876-ல் நிறுவியது அது. அவர் 1904-ல் காலமாகிவிட்டார். கருவிகள் இருந்தன, ஆராய்வாரில்லை. கதவைத் தட்டிய இராமனுக்குத் திறந்துவிட்டவர் ஆசுதோஷ் தே என்னும் ஊழியர். நிறுவனரின் மகனும் கழகச் செயலாளருமான அமிருதலால் சர்க்கார் இவ்விளைஞரை மனமுவந்து வரவேற்றார்.

அன்று தொடங்கிற்று இரட்டை வாழ்க்கை. கழகத்துக்கு அருகிலேயே ஸ்காட்ஸ் சந்தில் வீடு எடுத்தார். விடியற்காலையில் ஆய்வுக்கூடம், வீடு திரும்பிக் குளித்து உண்டு காரியாலயம், மாலை ஐந்து மணிக்கு மேல் நேரே மீண்டும் ஆய்வுக்கூடம், வீடு சேர்வது இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அங்கேயே. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து, பாஷை தெரியாத ஊரில் நாளெல்லாம் தனித்திருந்த அந்த இளம் மனைவியார் என்ன நினைத்திருப்பார் என்பதை நம் காலனித் தாய்மார்கள் என்னைவிட நன்கறிவர். 1909-ல் இரங்கூனுக்கும், அடுத்த ஆண்டு நாகபுரிக்கும் மாற்றினார்கள். மாற்றல் உத்தரவு வந்தால் சாமான் கட்டுவதிலேயே நமக்கு உற்சாகம் வடிந்துவிடும். அவரோ வீட்டின் ஒரு பகுதியையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். தந்தையார் மறைந்தபோது விடுப்பில் சென்னை சென்றவர், அங்கும் தம் பழைய கல்லூரியின் கூடத்தில் ஆய்வு நடத்தினார். 1911-ல் மீண்டும் கல்கத்தா வந்தார். வயலின் போன்ற நரம்பு வாத்தியங்களின் நாதம் எவ்வாறு பிறக்கிறது என்பதை அவர் இக்காலத்தில் ஆராய்ந்தார். உத்தியோகத்திலும் அவர் குறை வைத்தாரில்லை. இலாகாவில் மேன்மேலும் உயர்ந்துகொண்டே போனார்.

இந்நிலையில் கல்கத்தா சர்வகலாசாலையின் துணைவேந்தர் சர் ஆசுதோஷ் முகர்ஜி, சர் தாரகநாத் பாலித் அளித்த பெருங்கொடையைக் கொண்டு பௌதிகப் பேராசிரியர் பதவியொன்றை ஏற்படுத்தி இராமனை அழைத்தார். அப்பதவியை ஏற்பவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவராக இருக்கவேண்டும், இல்லையேல் சென்று பெற்று வரவேண்டும் என்றொரு நிபந்தனை இருந்தது. சீமை செல்ல முன்னர் உடம்பு இடங்கொடாத இராமன், இப்போது மனம் இடங்கொடாமல் மறுத்தார். நிபந்தனை தளர்த்தப்பட்டது. எஞ்சி நின்றது சம்பளம் ஒன்றே. அரசாங்கத்தில் அவர் பெற்றுவந்ததில் ஏறக்குறையப் பாதிதான் பேராசிரியருக்குக் கிடைக்கும். உயர்வு, ஓய்வூதியம், அதிகாரம் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். 1917 ஜூலையில் விட்டுவிட்டார்.

இதனைப் படித்துவிட்டு நாளையே இராஜினாமாக் கடிதம் எழுத யாரும் முனைய வேண்டா. அப்போது அவருக்குக் குழந்தைகள் இல்லை. பாதிச் சம்பளமும் அக்காலத்தில் ஒரு சிறு குடும்பத்துக்குப் போதுமானதே. மூன்று பெண்களைப் பெற்ற குமாஸ்தாவின் நிலை வேறு. நான் வியப்பது, விட்ட அந்த ஒரு நாளைவிட, விடாது காத்த அந்தப் பத்தாண்டுகளையே. இன்னது தமக்கு முதன்மையானது என்று அவர் 1907-லேயே தெளிந்துவிட்டார். அதற்குக் காலையும் மாலையும் கொடுத்தார். பகலை மட்டும் சர்க்காருக்கு விற்றார். பிறகு ஒரு வாய்ப்பு வந்தபோது, முடிவு செய்ய அதிகமாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. மாலை ஆறு மணிக்கு வீடு வந்து நாளிதழை விரித்து அமரும்போது இந்த எண்ணம் சில நாட்களில் என்னைத் தைப்பதுண்டு. எனக்கும் ஒரு காலத்தில் மிருதங்கப் பயிற்சி இருந்தது.

பின் வரலாறு நாடறிந்தது. 1921-ல் கப்பற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு, அது வானத்தின் பிரதிபலிப்பென்னும் விளக்கத்தை ஏற்காமல் ஆராயத் தொடங்கினார். திருவில்லிப்புத்தூர்ப் பக்கத்து வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து, எளிய கருவிகளைக் கொண்டே, 1928 பிப்ரவரியில் ஒளிச்சிதறலின் புதிய உண்மையைக் கண்டார். 1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அங்கு ஏற்பட்ட பூசல்களால் 1937-ல் அப்பதவியை விட்டார்; அவர் சுபாவமும் சிறிது கடுமையானதே. பெங்களூரிலேயே 1948-ல் சொந்த ஆய்வு நிலையம் நிறுவி, 1970 நவம்பர் 21-ஆம் நாள் காலமாகும்வரை அதிலேயே உழைத்தார்.

கதவைத் திறந்த ஆசுதோஷ் தே என்னவானார் என்று கேட்பீர்கள். கல்லூரிப் படிப்பு இல்லாத அவர், பௌபஜார் வீதி ஆய்வுக்கூடத்தில் இராமனுக்கு வலக்கையாகப் பல ஆண்டுகள் உழைத்தார். இராமனிடமே கற்றுத் தாமும் ஆய்வு செய்தார். அதிர்வெண்ணை அளப்பதற்கு அவர் கண்ட ஒரு புதிய முறையைப் பற்றிய கட்டுரை 1919-ல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. கட்டுரையாசிரியர் ஆசுதோஷ் தே. முன்னுரை எழுதியவர் இராமன்.