ராஜா ராம்மோஹன ராயரும் திரித்துவ விவாதமும்

ராஜா ராம்மோஹன ராயரின் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் நினைவுக்கு வருபவை இரண்டு: 1829-ஆம் ஆண்டில் உடன்கட்டை ஏறும் வழக்கத்தை ஒழித்த சட்டம் ஒன்று, பிரம்ம சமாஜம் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் முன்னர், கிறிஸ்து மதத்தின் மூலாதாரமான திரித்துவக் கொள்கையைப் பற்றி அவர் ஸ்ரீராமபுரத்துப் பாதிரிமாரோடு மூன்றாண்டுக் காலம் நடத்திய விவாதத்தை அறிந்தவர் மிகச் சிலரே. அம்மகானுடைய குணத்தை உள்ளவாறு காட்டுவது அவ்விவாதமே என்பது நமது அபிப்பிராயம். ஆதலின் அதனை இங்கே சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ராயர் வங்காளத்தில் ஹூக்ளி ஜில்லாவைச் சேர்ந்த ராதாநகரில் 1772-ஆம் ஆண்டில் பிறந்தார். 1774 என்று கூறுவோரும் உளர். வைதிகப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தும் பாரசீகம், அரபு, சமஸ்கிருதம் ஆகிய மொழிகளைக் கசடறக் கற்றார். கடவுள் ஒருவரே என்பதை வற்புறுத்திப் பாரசீக மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். கம்பெனி சர்க்காரின் உத்தியோகஸ்தரிடம் ரங்கபூரில் சில காலம் வேலை பார்த்த பின்னர்க் கல்கத்தாவில் குடியேறி, 1815-இல் ஆத்மீய சபையை ஸ்தாபித்தார். உபநிஷதங்கள் சிலவற்றை வங்காளியிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்து அச்சிட்டு வழங்கி, விக்கிரக ஆராதனை நம் சாஸ்திரங்களின் உயர்ந்த உபதேசம் அன்று என்று வாதித்தார். பண்டிதர்கள் அவரைத் தூஷித்தனர். பெற்ற தாயே அவருக்கு விரோதமானார். இத்தனைக்கும் அவர் தாம் கண்டதைச் சொல்லாமல் விட்டாரில்லை.

நிற்க. 1820-ஆம் ஆண்டில் ராயர், ஏசுநாதரின் நீதி உபதேசங்களை மட்டும் நான்கு சுவிசேஷங்களினின்றும் தொகுத்து ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டார். அற்புதச் செயல்களையும் சமயக் கோட்பாடுகளையும் அதில் சேர்க்கவில்லை. அன்பும் நீதியும் போதிக்கும் வாக்கியங்கள் எந்நாட்டாருக்கும் பயன்படும். மற்றவையோ விவாதத்திற்கே இடம் தரும் என்பது அவர் கருத்து. ஒரு ஹிந்து தம் வேதத்தைப் போற்றிப் பதிப்பித்தது கண்டு பாதிரிமார் மகிழ்ந்திருக்கலாம். அவர்களோ சீறினார்கள்.

அவர்கள் சீறியதற்குக் காரணம் அறிய, அவர்களுடைய கொள்கையை அறிதல் வேண்டும். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்கள் உளர், மூவரும் ஒரே தத்துவமுள்ள ஒரே கடவுள், இதுவே திரித்துவம். குமாரன் பிதாவினால் படைக்கப்பட்டவரே என்று அலெக்ஸாந்திரியாவின் ஆரியூஸ் என்னும் குரு போதித்தார். அவ்வாறன்று, இருவரும் ஒரே தத்துவம் உடையவர் என்று 325-ஆம் ஆண்டில் நிசேயாவில் கூடிய மகாசபை தீர்மானித்தது. அதன் பின்னரும் வாக்குவாதம் ஓயவில்லை. திரித்துவத்தை மறுத்த மிகயேல் செர்வேத்துஸ் என்னும் ஸ்பானிய வைத்தியர் 1553-இல் ஜினீவாவில் உயிரோடு கொளுத்தப்பட்டார். இங்கிலாந்திலே திரித்துவத்தை மறுப்பவருக்குத் தண்டனை விதித்த சட்டப் பிரிவுகள் 1813-ஆம் ஆண்டில்தான் நீங்கின. அதாவது, ராயர் நூல் வெளியிடுவதற்கு ஏழே ஆண்டுகள் முன்புவரை, அக்கருத்தை வெளியிடுவது ஆங்கிலேயரின் சொந்த நாட்டிலேயே குற்றமாக இருந்தது.

ஸ்ரீராமபுரத்துப் பாப்டிஸ்டு பாதிரிமாரான கேரி, மார்ஷ்மன், வார்டு என்போர் சாமானியர் அல்லர். வங்காளி மொழிக்கு அச்செழுத்தும் உரைநடையும் தழைக்க உழைத்தவர்கள். உடன்கட்டை ஏறுதலை ராயரைப்போலவே வெறுத்தவர்கள். ஆயினும் அவர்களுடைய பத்திரிகை, நூலைத் தொகுத்தவரை அஞ்ஞானி என்று குறிப்பிட்டது. கிறிஸ்துவின் உபதேசங்களை அவருடைய தெய்வத்தன்மையினின்றும் பாவநிவாரண பலியினின்றும் பிரித்துக் காட்டுவது சத்தியத்துக்குத் தீங்கு என்றும் கண்டித்தது. ராயர் அவ்வசைச்சொல்லுக்கு வருந்தினாரேயன்றி வசையால் விடையிறுக்கவில்லை. 1820-லும் 1821-லும் இரண்டு முறையீடுகளை எழுதினார். மூல மொழியில் உள்ளதைக் காட்டி வாதிக்கவேண்டுமென்று ஹீப்ரு, கிரேக்கம் ஆகியவற்றையும் பயின்றார்.

மார்ஷ்மனுடைய வாதம் வலுவற்றதன்று. யோவான் சுவிசேஷம் தொடக்கத்திலேயே வார்த்தையைத் தேவன் என்கிறது. உயிர்த்தெழுந்த ஏசுவைச் சீடர் தோமா தேவன் என்றே அழைத்தார். அவர் கடவுளல்லராயின் அவருடைய மரணம் மனித குலத்தின் பாவத்தைப் போக்குவது எங்ஙனம் என்று அவர் வினவினார். ராயர் கூறிய மறுப்பு யாதெனில்: ஏசுநாதர் தம்மினும் பிதா பெரியவர் என்று தாமே சொல்லியிருக்கிறார், தமக்குள்ள அதிகாரம் பிதாவினால் கொடுக்கப்பட்டது என்கிறார், தாமும் பிதாவும் ஒன்று என்று அவர் கூறியது உண்மையே, ஆனால் அதே சுவிசேஷத்தில் தம் சீடரும் அவ்வாறே ஒன்றாயிருக்க வேண்டுமென்று பிரார்த்திக்கிறார், ஆகவே அந்த ஒருமை சித்தத்தின் ஒருமையேயன்றித் தத்துவத்தின் ஒருமையன்று. பரிசுத்த ஆவி என்பது கடவுளின் அருட்சக்தியே. தனியான ஓர் ஆள் அன்று. குற்றவாளிக்காக நிரபராதியைத் தண்டிப்பது மனிதருடைய நியாய ஸ்தலத்திலேயே அநீதி எனப்படும்போது, அதைக் கடவுளின் நீதி என்பது பொருந்தாது. இவ்வளவு சொல்லியும், ஏசுநாதரைக் கடவுளால் அனுப்பப்பட்டவர் என்றும், சிருஷ்டிகளில் தலையாயவர் என்றும் ராயர் உயர்வாகவே போற்றினார்.

இவ்விவாதத்தினூடே ஒரு விந்தை நிகழ்ந்தது. சுவிசேஷங்களை வங்காளியில் மொழிபெயர்ப்பதற்காக ராயரோடு யேட்ஸ், வில்லியம் ஆடம் என்ற இரு பாதிரிமார் கூடியிருந்தனர். அனைத்தும் வார்த்தையாகிய அவரால் உண்டாயிற்று என்பதா, அவர் வழியாக உண்டாயிற்று என்பதா என்று ஒரு சிறு கிரேக்க இடைச்சொல்லைப் பற்றிக் கேள்வி எழுந்தது. முன்னதானால் அவரே படைப்பவர். பின்னதானால் படைப்பவருக்குக் கருவி. யேட்ஸ் விலகிக்கொண்டார். ஆடமோ ராயர் கூறுவதே சரியென்று கண்டு, 1821-இல் திரித்துவத்தைத் துறந்து யூனிடேரியன் எனப்படும் ஏகத்துவக் கிறிஸ்தவரானார். ஹிந்துவை மாற்ற வந்தவர் ஹிந்துவின் வாதத்தால் மாறிவிட்டார்! இருவரும் சேர்ந்து அவ்வாண்டே கல்கத்தாவில் யூனிடேரியன் கமிட்டியை அமைத்தனர். அதற்கு எட்டாண்டுகள் முன்னமே, வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் சென்னைப் புரசைவாக்கத்தில் அக்கொள்கையினருக்கென ஓர் ஆலயம் கட்டியிருந்தார் என்பது தமிழர் அறியத்தக்கது.

மூன்றாவது முறையீட்டை அச்சிடக் கொடுத்தபோது, முந்தைய நூல்களை அச்சிட்ட பாப்டிஸ்டு மிஷன் அச்சுக்கூடம் மறுத்துவிட்டது. ராயர் அயர்ந்துவிடவில்லை. அச்செழுத்துக்களை வாங்கித் தர்மதலாவில் தாமே ஓர் அச்சுக்கூடம் நிறுவி, நம்மவரையே பெரும்பாலும் தொழிலாளராக அமர்த்தி, 1823-இல் அந்நூலை வெளியிட்டார். அதே ஆண்டில், தற்காலிகக் கவர்னர் ஜெனரலாயிருந்த ஜான் ஆடம், லைசென்ஸ் இன்றிப் பத்திரிகை நடத்தலாகாது என்று அவசரச் சட்டம் பிறப்பித்தார். ராயரும் நண்பர் ஐவரும் சுப்ரீம் கோர்ட்டில் ஆட்சேப மனுக் கொடுத்தனர், தள்ளப்பட்டது. இங்கிலாந்து மன்னருக்கு முறையிட்டனர், அதுவும் பலிக்கவில்லை. அந்நிபந்தனைக்கு உட்பட மனமின்றி ராயர் தம் பாரசீகப் பத்திரிகையான மிராத்-உல்-அக்பாரை நிறுத்திவிட்டார். கடவுளைப் பற்றி வாதிக்கும் உரிமையும், அரசாங்கத்தைப் பற்றி எழுதும் உரிமையும் வேறல்ல என்பதை இவ்வோராண்டின் நிகழ்ச்சிகளே புலப்படுத்தவில்லையா? பத்திரிகைத் தொழில் புரியும் நாம் இதனை மறத்தற்கில்லை.

ராயரின் கையில் இருந்தது ஒரே தராசு. நம் சாஸ்திரங்களை இகழ்ந்து 1821-இல் பாதிரிமாரின் வங்காளிப் பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. அதற்கு அவர் எழுதிய பதில் முழுவதையும் பிரசுரிக்க அவர்கள் இசையவில்லை. உடனே வேறொரு பெயரால் ஒரு பத்திரிகை தொடங்கி விடையளித்தார். துருக்கியிலோ பாரசீகத்திலோ சென்று போதிப்பது தைரியம்; தங்களுடைய அரசாட்சி நடக்கும் நாட்டில், எளிய குடிகளின் மதத்தை இகழ்வது தைரியமாகாது என்று இடித்துரைத்தார். பல தெய்வ வணக்கத்தைக் கண்டிப்பவர் மூன்று ஆட்களை ஒரு கடவுள் என்பது எவ்வாறு, அதே நியாயம் ஹிந்துவுக்கும் உதவாதா என்று கேட்டார். ஆனால் பாதிரியாரின் பழிப்பைக் கண்டித்த அவரே, தம்மவரின் மூடப் பழக்கங்களைக் கண்டிப்பதை ஒருநாளும் நிறுத்தவில்லை. தம்மவர் என்பதற்காகக் குற்றத்தை மறைத்ததுமில்லை; அந்நியர் என்பதற்காக நன்மையைத் தள்ளியதுமில்லை. அதனால் இரு சாராருக்கும் பொல்லாதவரானார்.

1828-இல் பிரம்ம சபையைத் தோற்றுவித்தார். 1830 ஜனவரியில் திறக்கப்பட்ட அதன் ஆலயத்துக்கு எழுதிய தர்ம சாசனத்தில், எவ்வகுப்பினரும் பேதமின்றி வந்து ஒரே கடவுளை வணங்கலாம் என்றும், பிறர் வணங்கும் எப்பொருளையும் அங்கே இகழ்ந்து பேசலாகாது என்றும் விதித்தார். வாழ்நாளெல்லாம் சமய வாதம் செய்தவர், வணங்குமிடத்தில் பழிப்புக்கு இடமில்லை என்று எழுதியது கவனிக்கத்தக்கது. அவ்வாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே யூனிடேரியன் சபையார் அவரைச் சிறப்பாக வரவேற்றனர். 1833 செப்டம்பர் 27-ஆம் தேதி பிரிஸ்டல் நகரில் காலமானார். அந்நகரின் ஆர்னோஸ் வேல் இடுகாட்டில் அவர் சமாதி இருக்கிறது.

திரித்துவ வழக்கு இன்றும் தீரவில்லை. கத்தோலிக்கரும், கிழக்குத் திருச்சபையினரும், பிராடெஸ்டண்டாரில் மிகப் பெரும்பாலோரும் அதனை ஒப்புகின்றனர். யூனிடேரியன்களும் யெகோவா சாட்சிகளும் ஒப்புவதில்லை. அதற்குத் தீர்ப்புச் சொல்வது நமது வேலையன்று. பிறர் மதத்தைப் பற்றிப் பேச விரும்புவோர், முதலில் அவர் வேதத்தை அவர் மொழியிலேயே கற்கட்டும். பிறரை அளக்கும் கோலால் தம்மையும் அளக்கட்டும். தமக்கு மாறானவரின் வாயை அடைக்க அரசாங்கத்தின் கையைத் தேடாதிருக்கட்டும். இம்மூன்றையும் அனுஷ்டித்துக் காட்டிய பின்னரே ராயர் பிறருக்கு உபதேசிக்க முன்வந்தார். சமயத்தின் பெயரால் கோபங்கொள்ளும் நம் வாலிபர்கள் அவர் ஜீவியத்தை ஒருமுறை படிப்பார்களாக.