குழந்தைகள் அறையில் ஓவியம் தீட்டிய வாத்தியார்

உயிர் பிழைப்பதற்காக, எதிரியின் வீட்டில் குழந்தைகள் அறைச் சுவரில் படம் வரைந்தார், ஓர் ஓவிய ஆசிரியர். அவர்தான் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் புரூனோ ஷூல்ஸ்.

1892-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி, துரோகோபிச் என்ற ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் இருந்தது. பிறகு போலந்துக்குப் போயிற்று. இன்று உக்ரைனில் இருக்கிறது. தந்தை ஜவுளிக்கடைக்காரர்.

ஆசிரியர் வேலை

ஷூல்ஸ் கட்டிடக்கலை படிக்கப் போனார். நோயும் போரும் குறுக்கிட்டதால் படிப்பு பாதியில் நின்றது. 1924-ல், தாம் படித்த பள்ளிக்கூடத்திலேயே ஓவிய ஆசிரியர் ஆனார். அந்தச் சம்பளத்தில், கணவரை இழந்த அக்காள் குடும்பத்தையும் காப்பாற்றினார். ஓய்வு கிடைத்தபோது கதைகள் எழுதினார். தந்தையின் ஜவுளிக்கடை அந்தக் கதைகளில் இடம் பெற்றது. 1938-ல் போலந்து இலக்கியக் கழகம் அவருக்கு விருது அளித்தது.

கூலி: உணவு

1941-ல் ஹிட்லரின் படை ஊரைப் பிடித்தது. யூதர்களை ஒரு பகுதியில் அடைத்தார்கள். பெலிக்ஸ் லாண்டாவ் என்ற கெஸ்டபோ அதிகாரி, ஷூல்சை வேலைக்கு வைத்துக் கொண்டான். வீட்டில் குழந்தைகள் அறையில் படம் வரையச் சொன்னான். கூலி, உணவும் பாதுகாப்பும்தான்.

ராஜகுமாரி, குள்ளர்கள், குதிரை வண்டி என்று தேவதைக் கதைப் படங்களை ஷூல்ஸ் சுவரில் தீட்டினார். வண்டிக்காரனுக்குத் தம் முகத்தையே வரைந்தார் என்பார்கள்.

நடுத்தெருவில் சுட்டான்

ஊரைவிட்டுத் தப்பி ஓட, நண்பர்கள் அவருக்குப் போலிப் பத்திரங்கள் தயார் செய்தார்கள். ஆனால் 1942 நவம்பர் 19-ந் தேதி, ரொட்டியுடன் தெருவில் நடந்து வந்த ஷூல்சை வேறொரு கெஸ்டபோ அதிகாரி சுட்டுக் கொன்றான். அவன் பாதுகாப்பில் இருந்த யூதர் ஒருவரை லாண்டாவ் கொன்றதற்குப் பழிவாங்கவே சுட்டான் என்று கூறப்படுகிறது. ஷூல்சுக்கு அப்போது வயது 50. அவர் எழுதி வந்த நாவலும் காணாமல் போயிற்று.

சுண்ணாம்புக்குள் ஓவியம்

போருக்குப் பின் சுவருக்கு வேறு வர்ணம் பூசப்பட்டது. அந்த அறை சாமான் அறை ஆயிற்று. 2001-ல் ஜெர்மன் படத் தயாரிப்பாளர் ஒருவர் ஓவியங்களைக் கண்டுபிடித்தார். சில மாதங்களில், பல பகுதிகளைச் சுவரிலிருந்து பெயர்த்து ஜெருசலேம் நினைவு மண்டபத்துக்குக் கொண்டு போனார்கள். தகராறு மூண்டது. ஓவியங்கள் உக்ரைனுக்கே சொந்தம், மண்டபத்தில் இரவலாக இருக்கும் என்று 2008-ல் உடன்பாடு ஏற்பட்டது. மிஞ்சிய பகுதிகள் துரோகோபிச் அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஷூல்ஸ் புதைக்கப்பட்ட இடம் மட்டும் யாருக்கும் தெரியாது.