பாஞ்சாலங்குறிச்சி வீரர்

நெல்லைச் சீமையில் ஒட்டப்பிடாரத்தை அடுத்துள்ள சிற்றூர் பாஞ்சாலங்குறிச்சி. முன்னாளில் அது மண்கோட்டை சூழ்ந்த ஒரு பாளையத்தின் தலைநகராய் விளங்கியது. அங்கே 1760ஆம் ஆண்டு பிறந்தவர் வீரபாண்டிய கட்டபொம்மன். தம் முப்பதாம் அகவையில் அவர் பாளையப் பொறுப்பை ஏற்றார். தம்பியர் ஊமைத்துரையும் துரைச்சிங்கமும் அவருக்கு இரு தோள்களென அமைந்தனர்.

1792ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபு செய்த உடன்படிக்கையால், பாளையங்களில் வரி தண்டும் உரிமை கும்பினியாரைச் சேர்ந்தது. தம் மண்ணின் விளைவுக்கு அயலார் திறை கேட்பதைக் கட்டபொம்மன் உள்ளம் ஏற்கவில்லை. 1798ஆம் ஆண்டு, வரிநிலுவை 3310 வராகன் என்று கூறிக் கலெக்டர் சாக்சன் அவரை அழைத்தார். ஆயினும் வந்தவரைக் காணாமல் ஊர்தோறும் அலையவைத்தார். 23 நாள்களுக்குப் பின் இராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. அங்கும் இருக்கை அளிக்கப்படவில்லை. கணக்கை ஆராய்ந்தபோது பெரும்பகுதி முன்னரே செலுத்தப்பட்டிருந்தது; எஞ்சியது 1080 வராகனே. எனினும் அவரைச் சிறைப்படுத்த முயன்றனர். கோட்டை வாயிலில் கைகலப்பு மூண்டது. கிளார்க்கு என்னும் படைத்தலைவர் மாண்டார். கட்டபொம்மன் தப்பினார், அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை அகப்பட்டார்.

கட்டபொம்மன் உடனே வாளை நாடவில்லை. சென்னை ஆட்சிக் குழுவினரிடம் முறையிட்டார். விசாரணையில் அவர்மீது குற்றமில்லை என்பது தெளிவாயிற்று. அமைச்சர் விடுதலை பெற்றார். சாக்சன் பதவி இழந்தார்.

ஆயினும் பகை தணியவில்லை. மருது சகோதரரோடு கட்டபொம்மன் கொண்ட நட்பு கும்பினியாரை அச்சுறுத்தியது. 1799 செப்டம்பர் 5ஆம் நாள் தளபதி பேனர்மன் கோட்டையைத் தாக்கினார். வீரர்கள் கடும்போர் புரிந்தனர். பீரங்கிகளுடன் மேலும் படை வருவதறிந்த கட்டபொம்மன் கோட்டையை நீங்கினார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்துக் கொடுத்தனர். அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில், ஏனைய பாளையக்காரர் முன்னிலையில் விசாரணை நடந்தது. அன்றே அவர் தூக்கிலிடப்பட்டார். இறுதிவரை அவர் சிறிதும் அஞ்சவில்லை என்பதைப் பேனர்மனே தம் அறிக்கையில் எழுதி வைத்தார். பகைவர் கையெழுத்தினும் சிறந்த சான்று வேறு யாது?

நாட்டுப்பாடல்களில் வாழ்ந்த அவ்வீரரைச் சக்தி கிருஷ்ணசாமி நாடகமாக்கினார். சிவாஜி கணேசன் அதனை மேடையில் நடித்தார். 1959ஆம் ஆண்டு பி. ஆர். பந்துலு அதனைத் திரைப்படமாக்கினார். 1960ஆம் ஆண்டு கெய்ரோ நகரத்துத் திரைப்பட விழாவில் கணேசன் சிறந்த நடிகராகப் போற்றப்பெற்றார். 1970ஆம் ஆண்டு கயத்தாற்றில் அவ்வீரருக்குச் சிலையும் எழுப்பினார்.

சாக்சனும் கட்டபொம்மனும் நிகழ்த்தும் சொற்போரே அப்படத்தில் மக்கள் மனப்பாடம் செய்த பகுதி. அச்சொற்கள் நாடக ஆசிரியரின் புலமையில் பிறந்தவை. வரலாறு காட்டும் கட்டபொம்மனோ, கணக்கேட்டைத் திறந்து காட்டி, முறை கேட்டு நின்று, முடிவில் சாவையும் நிமிர்ந்து ஏற்றவர். நாடகம் அவர் வீரத்தை நெஞ்சில் பதிக்கிறது. வரலாறு அவர் நேர்மையையும் உணர்த்துகிறது. இரண்டையும் அறிந்து, இரண்டன் வேற்றுமையையும் உணர்தலே கற்றவர் கடன்.